திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர்

என் நாத்தனார் சினிமாக் கம்பெனியில் வேலை பார்க்கிறார் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குக் கண் விரியும். எந்த நடிகரைத் தெரியும், எந்தப் படத்தில் வேலை செய்தார் என்று அடுத்தடுத்துக் கேள்வி வரும். இருபது வருஷத்துக்கு மேலாக அவர் ஒரு படத்தைக்கூடப் பார்த்ததில்லை என்று நான் சொன்னதும் விரிந்த கண் சுருங்கிவிடும். ஏதோ காதில் பூ சுற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார்கள்.

நான் சொல்வது நிஜம். ஒரு படம் வெளியாவதற்குச் சில மாதங்கள் முன்பு, இசைகூட முழுசாகச் சேராத நிலையில், தெருவில் போகிறவர்களில் நூறு இருநூறு பேரைக் கூப்பிட்டு ஒரு சின்ன அரங்கில் போட்டுக் காட்டுவார்கள். சோதனைக் காட்சி என்று பெயர். அந்த நூறு இருநூறு பேரும் திரையைப் பார்ப்பார்கள். என் நாத்தனார் அவர்களைப் பார்ப்பார். திரைக்கு அடியில், இடது மூலையில், கறுப்புத் துணி போர்த்திய ஒரு முக்காலி. அதில் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். திரையின் வெளிச்சம் முகங்களில் விழுந்து மாறிக்கொண்டே இருக்கும். அந்த வெளிச்சத்தில் யார் வாயைப் பிளக்கிறார், யார் கொட்டாவி விடுகிறார், பாப்கார்னுக்குப் போன கை எந்த இடத்தில் நடுவழியில் நின்றது என்று பார்க்க வேண்டும். கையில் இரண்டு பொத்தான் வைத்த ஒரு கருவி. கூட்டம் படத்துக்குள் போய்விட்டால் ஒன்றை அழுத்த வேண்டும். வெளியே வந்துவிட்டால் மற்றதை. பிறகு எடிட்டர் அதைப் படத்தோடு ஒட்டிப் பார்த்து, வெட்ட வேண்டியதை வெட்டுவார்.

இந்த வேலைக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. திரும்பித் திரையைப் பார்க்கக் கூடாது. காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும், சத்தம் மட்டும் மங்கலாகக் கேட்கும், வசனம் புரியாது. படம் வெளியான பிறகும் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால், அடுத்த படத்தின்போது இந்த இடத்தில் சிரிப்பார்கள், இந்த இடத்தில் அழுவார்கள் என்று மனசு முன்கூட்டியே முடிவு கட்டிவிடும். முக்கியமாக, சொந்தக்காரர்கள் யாரும் அரங்கில் இருக்கக் கூடாது. தெரிந்த முகம் ஒன்று இருந்தால் கண் அதிலேயே போய் நிற்கும், மற்ற முகங்கள் மங்கிவிடும்.

அதே கம்பெனியில் வாசலில் நின்று கேள்வி கேட்கிறவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. படம் முடிந்து வருகிறவர்களை நிறுத்தி, பிடித்ததா பிடிக்கவில்லையா என்று கேட்பார்கள். என் நாத்தனாருக்கு அவர்களைக் கண்டாலே இளக்காரம். "ஓசியில படம் காட்டி, குளிர்பானமும் கொடுத்துட்டு எப்படின்னு கேட்டா, நல்லாருக்குன்னுதானே சொல்லுவான்? வாய்க்கு உபசாரம் தெரியும். மூஞ்சிக்குத் தெரியாது" என்பார்.

அவர் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் தனியாக இருக்கிறார். சாப்பாடு எங்களோடுதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு மூன்று பேர் கேட்டு வந்ததாகவும், முகத்தைப் பார்த்தே அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் என் கணவர் சொல்வார். தன் அக்காவுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் எக்ஸ்ரே. எக்ஸ்ரேயோடு ஒரே மேஜையில் சாப்பிடுவது லேசான காரியம் இல்லை. நான் முதல் நாள் வைத்த குழம்பைச் சூடாக்கி வைத்திருப்பேன். வாயில் வைப்பதற்கு முன்பே, "நேத்து வெச்சதா?" என்பார். குழம்பைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. என் கணவர் ஆபீசில் திட்டு வாங்கிக்கொண்டு வந்தால் எனக்குத் தெரிவதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் பெண் குழந்தையாக இருந்தபோது, அது அழுதால் பசியா, தூக்கமா, வெறும் பிடிவாதமா என்று பெற்ற என்னிடமே வந்து சொல்வார். அவர் சொன்னது சரியாகவும் இருந்து தொலைக்கும். அந்த எரிச்சல் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இனி கப்பல் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு, ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. தங்கள் சூரியன் அணையப்போகிறது என்று தெரிந்துகொண்ட ஒரு கூட்டம் பெரிய விண்கலம் ஒன்றில் ஏறிக் கிளம்புகிறது. குடியேற ஒரு கிரகம் வேண்டும். முதல் பாகம் வந்தபோது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் அடுத்த பாகம் வந்துகொண்டே இருந்தது. எட்டாம் பாகம் முடிந்தும் அவர்கள் எங்கேயும் இறங்கவில்லை. "வாடகைக்கு வீடு தேடிட்டிருந்த எங்க ஆபீஸ் கிளார்க்கே சொந்த வீடு கட்டிக் குடிபோயிட்டான். இவங்க இன்னுமா இறங்கல?" என்று என் கணவர் ஒவ்வொரு பாகத்துக்கும் கேட்பார். கேட்டுவிட்டு முதல் ஆளாகப் போய்ப் பார்த்துவிட்டும் வருவார்.

முதல் பாகத்திலிருந்து எல்லாச் சோதனைக் காட்சிக்கும் முக்காலியில் உட்கார்ந்தவர் என் நாத்தனார். கப்பலை அவர் பார்த்ததே இல்லை. அது எப்படிக் கிளம்பும் என்று கேட்டால், "எல்லாரும் கொஞ்சம் பின்னாடி சாய்வாங்க" என்பார். அவருக்குத் தெரிந்த கப்பல் அதுதான்.

என் பெண்ணை நாங்கள் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். அவள் சின்னவளாக இருந்தபோது, காட்சி முடிந்து வருகிற அத்தைக்காக மாடிப்படியில் காத்திருப்பாள். படம் வெளியாகும் வரை கதையை வெளியே சொல்லக் கூடாது. அத்தைக்குத்தான் கதையே தெரியாதே! அதனால் முகங்களைச் சொல்வார்.

"ஆறாவது வரிசையில ஒரு பெரியவர். தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வெச்சுக்கிட்டார். பக்கத்துல ஒரு சின்னப் பையன் காதைப் பொத்திக்கிட்டான். என்ன நடந்திருக்கும், சொல்லு?"

"கேப்டன் செத்துட்டார்!"

"வெடிச் சத்தம் ஒண்ணும் கேக்கலையே."

"அப்போ கப்பல்ல கரண்ட் போயிருக்கும். இருட்டுல யாரோ கத்தறாங்க."

இப்படியே இருவருமாக ஒரு முழுப் படத்தை உண்டாக்கிவிடுவார்கள். அதில் கேப்டன் ஒருநாளும் சாகமாட்டார், ஏனென்றால் குட்டிக்கு அவரைப் பிடிக்கும். பிறகு அவளுக்குப் பதினொன்று பன்னிரண்டு வயசானபோது அப்பாவோடு உட்கார்ந்து நிஜமான கப்பல் படங்களைப் பார்த்தாள். "அத்தை, நீங்க சொன்னதெல்லாம் இல்லவே இல்ல, கதையே வேற" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். நாத்தனாரும் சிரித்தார். அதன் பிறகு அவள் மாடிப்படியில் காத்திருக்கவில்லை.

பதினைந்து வயசில் அவள் முகத்துக்குக் கதவு போட்டுவிட்டாள். சாப்பாடு நன்றாக இருந்தாலும் அதே முகம், பரீட்சையில் கோட்டைவிட்டாலும் அதே முகம். கல்லுளிமங்கன் என்பார்களே, அது. எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நான் விட்டுவிட்டேன். என் நாத்தனாரால் விட முடியவில்லை. சாப்பிடும்போது அவளையே பார்ப்பார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவாள்.

"உன் பொண்ணுக்கு இப்பல்லாம் என்னைக் கண்டா ஆகல" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

"வயசு அப்படி, அக்கா. என்கிட்ட மட்டும் கொஞ்சிக்கிட்டா இருக்கா?"

"உன்கிட்ட எரிஞ்சு விழறா. அதுல ஒரு உரிமை இருக்கு. என்னைப் பார்க்கும்போது மூஞ்சியில ஒண்ணுமே இல்ல. நான் எத்தனை மூஞ்சி பார்த்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

முகத்தைப் பற்றி அவரிடம் வாதாட எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது.

ஒன்பதாம் பாகம் வந்தது. படம் எடுத்தவர்களுக்கு இந்தத் தடவை பயம் பிடித்துக்கொண்டது. எட்டாம் பாகத்துக்குப் போனவர்களில் பாதிப் பேர் என் கணவர் வயசுக்காரர்கள், தலையில் நரையோடு வந்து ஒருவரை ஒருவர் தோளில் தட்டிக்கொண்டவர்கள். அவர்களை நம்பி இன்னும் எத்தனை பாகம் எடுப்பது? இளசுகள் உட்கார்ந்து பார்த்தால் தொடரும், இல்லாவிட்டால் கப்பலை நிறுத்திவிடுவது என்று முடிவாகியிருந்தது. அதனால் சோதனைக் காட்சிக்குப் பதினாறிலிருந்து இருபது வயசுக்குள் இருப்பவர்கள் மட்டும்தான்.

கம்பெனியில் இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருந்தது. இருட்டில் முகங்களைப் படம் பிடித்து, யார் சிரித்தார், யார் முறைத்தார் என்று தானே கணக்குப் போடும் கேமராக்களை விற்க ஓர் இளைஞர் வந்து போய்க்கொண்டிருந்தார். மேனேஜர் அவரைக் காக்கவைத்திருந்தார். "கப்பல் படம் முடியட்டும். அக்கா கண்ணு சொன்னா சொன்னதுதான்னு நான் மேல சொல்லி வெச்சிருக்கேன். இதுல சரியா வந்துடுச்சுன்னா கேமரா பேச்சை எடுக்கவே மாட்டாங்க" என்று நாத்தனாரிடம் சொன்னாராம். சரியாக வராவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அது எல்லாருக்கும் தெரியும். ரிட்டயர் ஆக இன்னும் சில வருஷங்கள் இருந்த என் நாத்தனாருக்கு அந்த முக்காலி வெறும் வேலை இல்லை. தனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது என்ற கர்வம் அது.

காட்சி ஒரு சனிக்கிழமை மத்தியானம். நடந்ததை அன்று ராத்திரி அவர் என்னிடம் மட்டும் சொன்னார். செல்போன்களை வாங்கிப் பைகளில் போட்டு மூடிவிட்டார்கள். விளக்கு அணைந்தது. இடது மூலையில் இவர். வெளிச்சம் முகங்களில் விழுந்தது. பார்த்தால், எல்லாம் ஒரே முகம். பேங்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி இருந்தார்களாம். கப்பல் கிளம்புகிற சத்தம் கேட்டது. யாரும் பின்னால் சாயவில்லை. வெடித்தது. யாரும் கண்ணைச் சிமிட்டவில்லை. எந்தப் பொத்தானை அழுத்துவது என்றே இவருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் ஏழாவது வரிசையில் குட்டியைப் பார்த்தார். தெருவில் ஆள் பிடிக்கிறவர்கள் அவளுடைய சிநேகிதியிடம் இரண்டு சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இவளும் கூட வந்துவிட்டாள். அப்பா காலத்துப் படம் என்று வீட்டில் உதட்டைப் பிதுக்கியவள் இங்கே வந்து உட்கார்ந்திருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. நியாயமாக நாத்தனார் கையை உயர்த்தியிருக்க வேண்டும். வாசல்காரர் வந்து அவளை வெளியே அழைத்துப் போயிருப்பார். அவர் உயர்த்தவில்லை. புரியாத முகங்களுக்கு நடுவில் பிறந்ததிலிருந்து பார்த்த ஒரு முகம். வழி தெரியாத இடத்தில் தெரிந்த ஆள் கிடைத்த மாதிரி இருந்தது என்று என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் மற்றவர்களைப் பார்க்கவே இல்லை. குட்டியின் முகத்தைப் பார்த்துத்தான் பொத்தானை அழுத்தினார். எதற்காக அந்தக் கட்டுப்பாடு வைத்தார்களோ அதுவே நடந்தது.

படம் முக்கால்வாசி ஓடியதும் சத்தமெல்லாம் நின்றுபோன ஓர் இடம் வந்தது. பேச்சு இல்லை, இசை இல்லை, கப்பலின் லேசான உறுமல் மட்டும். அது நீண்டுகொண்டே போனது. குட்டி குனிந்தாள். சட்டையோடு தைத்திருந்த குல்லாயை இழுத்துக் கண் வரைக்கும் விட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து வெளியே போனாள். சிநேகிதியும் பின்னாலேயே போனாள். பெண் பிள்ளைகள் எங்கே போனாலும் தனியாகப் போவதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அரங்கை விட்டு ஆள் எழுந்து போவதைவிடக் கெட்ட சகுனம் இந்தத் தொழிலில் கிடையாது. நாத்தனார் இரண்டாவது பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலம் மேனேஜரிடம், "அந்தச் சத்தமில்லாத இடம் படத்தைக் கொன்னுடுச்சு. பிள்ளைங்க ஒட்டவே இல்ல. அதை எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மூன்று நாள் கழித்து, சாப்பிடும்போது என் கணவர் பேச்சுவாக்கில் கேட்டார்: "என்னக்கா, கப்பல் இறங்குமா இந்தத் தடவையாவது?"

"எனக்கென்னடா தெரியும்? கடைசிப் பக்கம் சத்தமே இல்லாம ஒரு இடம் வருது. அதை வெட்டச் சொல்லியாச்சு. வெள்ளிக்கிழமை எடிட்டர் உட்கார்றார்."

குட்டி கையிலிருந்த ஸ்பூனைத் தட்டில் வைத்தாள். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "பாத்தியா" என்பது போல நாத்தனார் என்னைப் பார்த்தார்.

அவர் மாடிக்குப் போனதும் நான் அவள் அறைக்குப் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என்னடி என்றேன். திரும்பினாள். முகம் முழுக்க எள்ளும் கொள்ளும் வெடித்தது. அந்த முகத்தை நான் பார்த்து எத்தனை நாளாயிற்று!

"எப்படிம்மா அதை வெட்டலாம்? அதுதான் படமே!"

அப்புறம் கொட்டித் தீர்த்தாள். கப்பலுக்குக் கடைசியில் ஒரு கிரகம் கிடைத்துவிடுகிறதாம். முதல் பாகத்தில் இளம்பெண்ணாக வந்த வழிகாட்டிக்கு இப்போது வயசாகிவிட்டது. எல்லாரையும் இறங்கத் தயாராகச் சொல்கிறாள். கப்பலிலேயே பிறந்த ஒரு சின்னப் பெண், "இறங்கி என்ன பண்ணுவோம்? நம்ம வீடு இதுதானே?" என்று கேட்கிறாள். கிழவி ஜன்னலோரம் போய் நின்று கீழே தெரியும் கிரகத்தைப் பார்க்கிறாள். அவ்வளவு வருஷம் தேடியது. பின்னால் பிள்ளைகள் கப்பலுக்குள் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். யாரும் பேசுவதில்லை.

"அவங்க தோள் மட்டும்தான்மா தெரியும். என்னால தாங்க முடியல."

"அப்புறம் ஏன்டி பாதியில எழுந்து போனே?"

அப்போதுதான் அவளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் அங்கே இருந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. அத்தை பார்த்ததும், பார்த்ததை என்னிடம் சொன்னதும் அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

"அழுகை வந்துச்சு. நேர் எதிர்ல அத்தை உட்கார்ந்து என்னையே பார்த்துட்டிருக்காங்க. படம் ஆரம்பிச்சதிலிருந்து மூஞ்சியை இறுக்கிப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். பாத்ரூம்ல போய் அழுதேன். என் ஃபிரெண்டும்தான் அழுதா. திரும்பி வந்து கதவுகிட்ட நின்னு மிச்சத்தைப் பார்த்தோம்."

"மத்த பிள்ளைங்களும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டுத்தான் இருந்தாங்களாமே?"

"எல்லாருக்கும் தெரியும்மா, அங்க ஒருத்தங்க பார்த்துட்டு இருக்காங்கன்னு. எங்களை எப்பப் பார்த்தாலும் யாராவது போட்டோ எடுத்துட்டேதான் இருக்காங்க. வாயைப் பொளந்துட்டு இருக்கறப்ப எடுத்துப் போட்டுட்டா வருஷம் முழுக்கச் சிரிப்பாங்க. சும்மா மூஞ்சியைக் காட்டுவோமா என்ன?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாடிப்படி ஏறும்போது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. பெற்றவளுக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்று அத்தனை வருஷம் சொன்னவரிடம், உங்களுக்குத் தெரியவில்லை என்று சொல்லப் போகிறேன். கதவைத் தட்டும் வரைதான் அந்தச் சந்தோஷம். நான் சொல்லி முடித்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கே பாவமாகிவிட்டது.

"அழுதாளா?" என்றார்.

"அழுதாளாம்."

"நான் பார்த்துட்டே இருந்தேனே."

"அதனாலதான் அக்கா."

அவர் மடித்து வைத்திருந்த துணிகளை எடுத்து மறுபடி மடித்தார். எனக்கு அவருடைய கஷ்டம் புரிந்தது. வெள்ளிக்கிழமை அந்த இடத்தை வெட்டிவிடுவார்கள். வெட்டினால் இளசுகளுக்கு ஒட்டிய ஒரே இடம் போய்விடும், படம் படுத்தால் கப்பல் நின்றுவிடும். பேசாமல் இருந்தால் இவருக்கு ஒன்றும் ஆகாது. படம் படுத்ததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். பேசினால் சொந்தக்காரப் பெண்ணை உள்ளே விட்டதையும், அவள் ஒருத்தி முகத்தை வைத்து அரங்கத்துக்கே தீர்ப்புச் சொன்னதையும், அதையும் தப்பாகச் சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"விடுங்க அக்கா, நம்ம வீட்டுப் படமா?" என்று சும்மா சொல்லிப் பார்த்தேன்.

"அவளுக்குப் பிடிச்ச இடத்தை நானே வெட்டிட்டு, அவ எதிர்ல எப்படி உட்கார்ந்து சாப்பிடறது?" என்றார்.

மறுநாள் காலையில் போய்ச் சொல்லிவிட்டார். மேனேஜர் அறையில் கேமரா இளைஞரும் இருந்தார், கழுத்தில் ஹெட்போனோடு. மேனேஜர் தலையில் கையை வைத்துக்கொண்டார். இளைஞர் மரியாதையாகத்தான் கேட்டாராம்: "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இதுக்கு முன்னாடியும் இந்த மாதிரி ஆகியிருக்குமா?"

இருபது வருஷத்துக்கு மேலாக இவர் சொல்லி வெட்டிய காட்சிகள் எத்தனையோ. எந்தக் காட்சி எப்படி இருந்தது என்று இவருக்கே தெரியாது, பார்த்ததே இல்லையே. அவற்றில் எத்தனை இடத்தில் யார் முகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ.

"தெரியாது தம்பி. அப்பல்லாம் வந்து சொல்றதுக்கு வீட்டுல ஆள் இல்ல" என்றார்.

வேறு பிள்ளைகளைக் கூப்பிட்டு அந்த இடத்தோடேயே மறுபடி போட்டுக் காட்டினார்கள். இந்தத் தடவை முன்னால் யாரும் உட்காரவில்லை. முடிந்து வந்தவர்களைக் கேட்டபோது பத்தில் ஏழு பேர் ஜன்னலைத்தான் சொன்னார்கள். வெட்டுவதை விட்டுவிட்டார்கள். படம் வெளியானது. முதல் வாரம் என் கணவர் வயசுக்காரர்கள், இரண்டாம் வாரம் பிள்ளைகள். சிலர் வீட்டுக்குப் போய் முதல் பாகத்திலிருந்து தேடிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பலர் பார்க்கவில்லை. கிழவி தோளும் சின்னப் பெண்ணின் கேள்வியும் அவர்களுக்குப் போதுமாக இருந்தது. பத்தாம் பாகம் எடுப்பதாகப் பேச்சு. பழைய கூட்டத்தைப் பிடித்து வைத்திருந்தது இறங்கும் ஆசை. இதுகளுக்கு இறங்க வேண்டாம் என்கிற ஆசை. கப்பல் என்னவோ அதேதான்.

முக்காலியை எடுத்துவிட்டார்கள். சுவரில் கேமரா வந்துவிட்டது. கேமராவுக்கு முன்னாலும் பிள்ளைகள் முகத்தை இறுக்கிக்கொண்டுதான் உட்காரப் போகிறார்கள், அதை அந்த இளைஞரிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன். "சொன்னேன். சிரிச்சார்" என்றார். மேனேஜர் நாத்தனாரைக் கைவிடவில்லை. வேறு இடம் போட்டுக் கொடுத்தார். எந்த இடம்? வாசலில் நின்று கேள்வி கேட்கிற இடம்.

முதல் நாள் போய்விட்டு வந்து சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். என் கணவர் சும்மா இருப்பாரா? "எப்படி அக்கா, உபசாரமா பதில் சொன்னாங்களா?" என்றார். அவர் தம்பியை ஒரு முறை முறைத்தார். கேட்கிற வேலை பார்க்கிற வேலையைவிடக் கஷ்டம், கேட்க வெட்கமாக இருக்கிறது என்றார். பதில் சொல்லும் வரை சும்மா இருப்பதுதான் அதைவிடக் கஷ்டமாம்.

குட்டி சோபாவின் மறுமுனையில் காலை மடக்கிக்கொண்டு செல்போனில் மூழ்கியிருந்தாள். அந்தச் சனிக்கிழமை நடந்து மூன்று மாதம் ஆகியும், இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் அவளைப் பார்த்தார், பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

"குட்டி, ஒண்ணு கேக்கட்டுமா?"

"ம்."

"உனக்கு என்னைப் பிடிக்குமா, பிடிக்காதா?"

என் கணவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். குட்டி செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பிடிக்கும் அத்தை. இதென்ன கேள்வி?"

பெற்றவள் நான், அந்த முகத்தைப் பார்த்தேன். பிரியம், சலிப்பு, வெட்கம், எதுவும் இல்லை, துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. என் நாத்தனாரும் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கண்ணை எடுத்துக்கொண்டு, "சரிம்மா, சொன்னியே, அது போதும்" என்றார்.